குல்லாய்க் குரங்கும் இமாலயச் சாலமாண்டரும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பக்தர் கையிலுள்ள வாழைப்பழத்தைப் பறிப்பது குல்லாய்க் குரங்கு. உச்சந்தலையிலிருந்து நாற்புறமும் படியும் மயிர் குல்லாய்போல் தோன்றுவதால் வந்த பெயர் இது. தீபகற்ப இந்தியாவுக்கு மட்டுமே உரிய இனம். இமாலயச் சாலமாண்டரோ கிழக்கு நேபாளத்திலும் டார்ஜிலிங் மலைகளிலும் வாழும், வாலுள்ள இருவாழ்வி. வேறோர் இனமாகவே நெடுங்காலம் கருதப்பட்ட இது 2015இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

முதுகெலும்பு, நான்கு கால், வால் இரண்டுக்கும் உண்டு. ஆனால் இவற்றின் மரபுகள் பிரிந்து சுமார் 35 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வேறுபாட்டின் வேர் தண்ணீர். குரங்குக் குட்டி ஏறத்தாழ ஐந்தரை மாதம் தாயின் கருப்பை நீரில் வளர்கிறது. குட்டி ஈனத் தாய்க்குக் குளம் தேவையில்லை. சாலமாண்டர் மழைக்காலத்தில் குட்டை தேடிச் சென்று நீர்ச்செடிகளில் முட்டையிடும். இளவுயிரி வெளிச்செவுளால் மூச்சுவிடும். வளர்ந்தபின் நுரையீரலோடு ஈரத் தோலும் சுவாசத்துக்கு உதவும். குளிர்காலத்தைக் கல்லடியிலும் மட்கிய மரத்தடியிலும் கழிக்கும். குட்டை தூர்ந்தால் அடுத்த தலைமுறை இல்லை. டார்ஜிலிங் மாவட்டத்து ஜோர்போக்ரி சரணாலயம் இதற்காகவே காக்கப்படுகிறது.

அண்ணாமலையின் வெயிற்பாறையில் சாலமாண்டரின் ஈரத் தோல் காய்ந்துவிடும். குரங்கு வெப்ப இரத்தப் பிராணி. சுனை வற்றினால் ஊருக்குள் இறங்கிவிடும்.

குரங்குக்குக் கூட்டமே வாழ்வு. பெண் பிறந்த கூட்டத்திலேயே தங்கும். ஆண் பெரும்பாலும் வேறு கூட்டத்துக்குப் போகும். அண்ணாமலையின் விருபாட்ச குகையில் ரமண மகரிஷி வாழ்ந்த நாட்களில், சண்டையில் காயப்பட்டு விடப்பட்ட ஒரு குட்டிக்கு அவர் சிகிச்சை செய்தார். ‘நொண்டி’ எனப்பட்ட அது பிற்காலத்தில் கூட்டத்தின் தலைமைக்கே உயர்ந்ததாக அவர் வரலாற்றில் உள்ளது. சாலமாண்டர் குஞ்சு தாயை அறியாது. ஆனால் இழந்த காலை எலும்போடு மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் சாலமாண்டர்களுக்கு உண்டு. நொண்டிக்கு அது வாய்க்கவில்லை.

கோயில் ஊர்களில் மலிந்து தெரிந்தாலும் குல்லாய்க் குரங்கு உலகளவில் அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வடக்கிலிருந்து பரவும் செங்குரங்கு அதன் இடத்தைப் பிடித்துவருவதும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் சாலமாண்டர் இல்லை. மலையடிவாரக் கற்களுக்கிடையே வழுவழுவென்று ஓடுவது அரணை; அதன் உடலில் செதில் உண்டு, அது ஊர்வன.