கண்ணாடியின் குணத்தை மாற்றிய கதை

கண்ணாடி இழையின் ஒரு முனையில் ஒளியை விட்டால் மறுமுனையில் வந்து சேரும். ஒளியிழை என்பது இவ்வளவுதான். கேட்க எளிது. ஆனால் அந்த ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணாடியே ஒளியைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிடும்! இந்தத் தொல்லையின் வேர், ஒளியிழை வெற்றி பெற்ற கதைக்குள்ளேயே இருக்கிறது.

1966-ல் இங்கிலாந்தின் ஹார்லோவில் இருந்த ஆய்வகம் ஒன்றில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கணக்குப் போட்டார்கள். இழப்பு கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இருந்தால் தொலைபேசிக்குக் கண்ணாடி இழை போதும் என்றார்கள். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அன்றைய கண்ணாடியில் அதுகூட மிஞ்சவில்லை. குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில்தான் என்றார் காவோ. இந்தப் பணிக்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ராபர்ட் மாரர், டொனால்ட் கெக், பீட்டர் ஷூல்ட்ஸ் மூவரும் அந்த எல்லையைத் தாண்டினார்கள். ஒளி நடுப்பகுதியை விட்டு வெளியேறாமல் இருக்க, அங்கே ஒளிவிலகல் எண் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்காக சிலிக்காவில் முதலில் டைட்டானியம் கலந்தார்கள். 1972-ல் அதற்குப் பதில் ஜெர்மேனியம் கலந்தபோது இழப்பு 4 டெசிபலாக இறங்கியது. அதன்பிறகு உலகமே ஜெர்மேனியத்தின் பக்கம் சாய்ந்தது.

அதே 1972-ல் பெல் ஆய்வகத்தில் எரிக் இப்பனும் ரோஜர்ஸ் ஸ்டோலனும் வேறொன்றைப் பார்த்தார்கள். இழைக்குள் செலுத்திய ஒளியில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பியது. தூண்டப்பட்ட பிரில்லுவான் சிதறல் என்று இதற்குப் பெயர். பலமான ஒளி கண்ணாடியை மெல்ல அமுக்கி அதில் ஓர் ஒலி அலையை எழுப்புகிறது. அந்த அலை கண்ணாடி போலவே செயல்பட்டு ஒளியைப் பின்னால் தள்ளுகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த சிதறலும் இப்படித் தூண்டப்பட்ட வடிவில் இழைக்குள் தலைகாட்டும்.

இழைக்குள் மட்டும் இது ஏன் இவ்வளவு எளிதாக நடக்கிறது? நடுப்பகுதியின் விட்டம் சுமார் 10 மைக்ரான்தான். அதற்குள் 1 வாட் ஒளியை அடைத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் வாட்டுக்கு மேல் ஆகிவிடும். அதோடு, ஒளி பல கிலோமீட்டர் தூரம் கண்ணாடிக்குள்ளேயே பயணம் செய்கிறது.

1990களில் ஒரே இழையில் பல நிற ஒளிகளை அனுப்பத் தொடங்கியதும் சிக்கல் பெரிதானது. ஒளியின் பலத்துக்கு ஏற்பக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் மாறுவதால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து, புதிய நிறங்கள் முளைத்தன. பொறியாளர்கள் இழையின் வடிவமைப்பை மாற்றினார்கள். ஒளி பரவும் பரப்பைப் பெரிதாக்கினார்கள். கண்ணாடியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இன்னொரு வழியும் இருந்தது. ஜெர்மேனியம் கலந்தால் அந்த ஒளிவிலகல் மாற்றம் தூய சிலிக்காவில் இருப்பதைவிட அதிகமாகும். அப்படியானால் நடுவில் தூய சிலிக்காவை வைத்து, சுற்றிலும் ஃப்ளூரின் கலந்து வெளிப்பகுதியின் எண்ணைக் குறைத்தால் போதுமே! ஜப்பானின் சுமிட்டோமோ எலக்ட்ரிக் இந்த வழியில் போய் 2017-ல் இழப்பைக் கிலோமீட்டருக்கு 0.1419 டெசிபல் வரை இறக்கிக் காட்டியது. இழப்பும் குறைந்தது, தொல்லையும் குறைந்தது.

பிரில்லுவான் சிதறலை அடக்க இது போதவில்லை. 2004-ல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒரே இழையிலிருந்து 1.36 கிலோவாட் லேசர் ஒளி எடுத்தது. அதே அளவு ஒளி மிகத் துல்லியமான ஒரே நிறத்தில் வேண்டும் என்றால் முதலில் குறுக்கே வந்து நிற்பது இந்தச் சிதறல்தான்.

அமெரிக்காவில் பீட்டர் டிராகிக், ஜான் பல்லாட்டோ ஆகியோரின் குழு நேராகக் கண்ணாடியின் குணத்திலேயே கைவைத்தது. அமுக்கும்போது ஒளிவிலகல் எண் எந்தப் பக்கம், எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஒரு குணகம் உண்டு. இந்தச் சிதறலுக்கு முக்கியமான குணகம் சிலிக்காவில் நேர்மறை, அலுமினாவில் எதிர்மறை. இரண்டையும் சரியான அளவில் கலந்தால் ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடும்.

ஆனால் அவ்வளவு அலுமினாவை வழக்கமான முறையில் கலந்தால் கண்ணாடி படிகமாகிவிடும். அதனால் சிலிக்கா குழாய்க்குள் நீலக்கல் படிகக் கம்பி ஒன்றைச் செருகி, உருக்கி, வேகமாக இழையாக இழுத்தார்கள். நீலக்கல் என்பது படிக அலுமினாதான். 2012-ல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் இது வெளிவந்தது. அந்த இழையில் பிரில்லுவான் சிதறல் வழக்கமான இழையைவிட மிக மிகக் குறைவு. ஒளி இழப்பு அதிகம் என்பதால் கடலுக்கடியில் போட முடியாது. ஆனால் சில மீட்டரே தேவைப்படும் லேசர்களுக்கு இழப்பு அவ்வளவு பெரிய தடை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1964-ல் சியாவ், டவுன்ஸ், ஸ்டாய்செஃப் மூவரும் தூண்டப்பட்ட பிரில்லுவான் சிதறலை முதன்முதலில் கண்ட படிகங்களில் ஒன்று இதே நீலக்கல். தொல்லையை முதலில் காட்டிய கல்லே 48 வருடங்கள் கழித்து அதற்கு மருந்தாக வந்து சேர்ந்தது!