ஹிப்போ ஆயரின் உணவுமேசை

ஹிப்போ நகர் ஆயர் புனித அகுஸ்தீனார் தம் உணவுமேசையில் ஒரு சிறு கவிதையைப் பொறித்து வைத்திருந்தார் என்று, அவரோடு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பழகிய ஆயர் பொசிதியுஸ் தாம் எழுதிய வரலாற்றில் குறிப்பிடுகிறார். அங்கில்லாதவரைச் சொல்லால் கடித்துக் குதறுவோருக்கு இம்மேசையில் இடமில்லை என்பது அதன் கருத்து. ஒருமுறை, நெருங்கிய நண்பர்களான ஆயர்கள் சிலரே அதை மறந்து பேசத் தொடங்கினர். கவிதையை அழித்துவிட வேண்டும், இல்லையேல் தாம் எழுந்து அறைக்குச் சென்றுவிடுவதாக அகுஸ்தீனார் கடிந்துரைத்தாராம். சாந்தகுணத்தைப் புகழ்வோர் இக்கண்டிப்பை ஏனோ சொல்வதில்லை.

அவரது சாந்தம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது பெத்லகேமிலிருந்த புனித எரோணிமுசுடன் நடந்த கடிதப் போக்குவரத்தில்தான். அந்தியோக்கியாவில் பேதுருவைப் பவுல் கண்டித்தது வெறும் பாவனையே என்று கலாத்தியர் திருமுக விரிவுரையில் எரோணிமுஸ் எழுதியிருந்தார். திருநூலில் பாவனைக்கு இடமளித்தால் எதை நம்புவது என்று அகுஸ்தீனார், குருவாயிருந்தபோதே, ஏறத்தாழ 394-395இல் மடல் வரைந்தார். கொண்டுசெல்லவிருந்தவர் ஆயராக்கப்பட்டதால் அது போய்ச் சேரவில்லை. அடுத்த மடலோ பெத்லகேமை அடையுமுன் அதன் படிகள் இத்தாலியில் உலவின. தமக்கெதிராக நூலெழுதி உரோமைக்கு அனுப்பிவிட்டார் என்ற செய்தியே எரோணிமுசை முதலில் எட்டியது. (நம் பங்குகளில் எழும் பிணக்குகள் பலவும் இவ்வாறு, கடிதம் உரியவரைச் சேருமுன் ஊரைச் சேர்வதால் விளைபவையே!) சினந்தெழுந்த முதியவர், களைத்த எருது காலை இன்னும் அழுந்த ஊன்றும் என்று எச்சரித்தார்.

அகுஸ்தீனார் மன்னிப்பு வேண்டினார். ஆருயிர் நண்பர்களாயிருந்த எரோணிமுசும் ரூபினுசும் பகைவரானதை எண்ணி வருந்தினார். ஆயினும் தம் கருத்தைக் கைவிடவில்லை. 405 அளவில் எழுதிய நீண்ட மடலில், ஆயர் பதவி குருத்துவத்தினும் உயர்ந்ததாயினும், அகுஸ்தீன் பலவற்றில் எரோணிமுசுக்குக் குறைந்தவனே என்று பணிகிறார். அதே மடலில் திருநூலின் உண்மைக்காக ஓர் அடியும் பின்வாங்காமல் வாதாடுகிறார். இளையவரான பவுலின் கண்டனத்தைத் தாழ்மையுடன் ஏற்ற பேதுருவே அரிய முன்மாதிரி தந்தவர் என்கிறார். யாரை மனத்தில் வைத்து இதை எழுதினார் என்பது வாசகருக்கு விளங்கும்.

பெலாஜியுசுக்கு எதிராக 415இல் எழுதிய உரையாடல் நூலில், பேதுரு உண்மையாகவே கண்டிக்கப்பட்டார் என்னும் நிலையை எரோணிமுஸ் ஏற்றார். இதை ஒரு நண்பருக்கு அறிவித்த அகுஸ்தீனார், அவர் தம் பக்கம் வந்துவிட்டார் என்று எழுதவில்லை. மறைச்சாட்சியான புனித சிப்பிரியானின் கருத்தை அவர் கைக்கொண்டார் என்றே எழுதினார்.