ஹாஜி அலி எப்படி 'ஹாய் ஜொலி' ஆனார்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்கு எங்களோடு கொஞ்சம் வாருங்கள். விசா தேவையில்லை, வரைபடமும் வாசிப்பும் போதும். ஃபீனிக்ஸ் நகரிலிருந்து மேற்கே போகும் 10ஆம் இலக்க நெடுஞ்சாலை. இருபுறமும் சகுவாரோ கள்ளிகள். முதல் கிளை விடவே 50 வருடங்களுக்கு மேல் எடுக்கும் மரங்கள் அவை. சுமார் 200 கிலோமீட்டர் போனால் குவார்ட்ஸ்சைட் என்ற சிற்றூர். கோடையில் சில ஆயிரம் பேர்தான் இருப்பார்கள். குளிர்காலத்தில் வீட்டு வண்டிகளில் வந்து பாலைவனத்தில் கூடாரமடிப்பவர்களால் ஊர் பல மடங்காகும்.

அந்த ஊர் மையவாடியில் கல்லால் கட்டிய ஒரு பிரமிட் இருக்கிறது. உச்சியில் ஒரு செப்பு ஒட்டகம். சுற்றுலாப் பயணிகள் சிரித்துக்கொண்டே படம் எடுக்கும் இடம். கல்லில் உள்ள பெயர் 'ஹாய் ஜொலி'.

அது ஜொலியான பெயர் அல்ல. அடக்கப்பட்டிருப்பவர் ஹாஜி அலி. ஹஜ் செய்து வந்தவரை எமது ஊர்களில் 'ஹாஜியார்' என்று எவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறோம்! அமெரிக்கச் சிப்பாய்களின் நாவுக்கு அது பிடிபடவில்லை.

இவர் அங்கு போன கதை இதுதான். 1855இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒட்டகம் வாங்க 30,000 டொலர் ஒதுக்கியது. தென்மேற்குப் பாலைவனத்தில் தண்ணீரின்றிப் பொதி சுமக்க கோவேறு கழுதைகளால் முடியவில்லை. யுத்தச் செயலாளர் ஜெபர்சன் டேவிஸ் இந்த யோசனையை விடாப்பிடியாக முன்தள்ளினார். 1856 மே 14ஆம் திகதி டெக்ஸாஸின் இந்தியனோலா துறைமுகத்தில் 34 ஒட்டகங்கள் இறங்கின. அவற்றை மேய்க்கத் தெரிந்தவர்களும் கூடவே வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் ஹாஜி அலி.

அடுத்த வருடம் எட்வர்ட் பீல் என்பவர் 25 ஒட்டகங்களுடன் அரிசோனாவுக்குக் குறுக்கே புதிய வண்டிப்பாதை அளக்கப் புறப்பட்டார். கழுதைகள் தொடாத முட்செடிகளை ஒட்டகங்கள் தின்றன. கொலராடோ ஆற்றைக் கடந்தபோது குதிரைகளும் கழுதைகளும் சில மூழ்கின. ஒட்டகங்கள் அத்தனையும் நீந்திக் கரையேறின. பின்னாளில் புகழ்பெற்ற 66ஆம் இலக்கப் பாதையின் பெரும்பகுதி பீல் போட்ட தடத்தை ஒட்டித்தான் போகிறது.

பரிசோதனை வெற்றிதான். ஆனாலும் கைவிட்டார்கள். ஒட்டகத்தைக் கண்டாலே கழுதைகள் மிரண்டு ஓடின, கழுதைக்காரர்களுக்கு அதன் வாடையும் பிடிக்கவில்லை. 1861இல் உள்நாட்டு யுத்தம். டேவிஸ் பிரிந்துபோன தென்மாநிலங்களின் ஜனாதிபதியானார். எதிரியின் திட்டத்தை யார் தொடர்வார்கள்? 1864இல் கலிபோர்னியாவின் பெனிசியாவில் ஒட்டகங்கள் ஏலத்தில் போயின.

ஹாஜி அலி திரும்பிப் போகவில்லை. பொதி ஏற்றினார், இராணுவத்துக்கு வழிகாட்டினார், கனிமம் தேடி அலைந்தார். 1880இல் குடியுரிமை பெற்றபோது பதிவான பெயர் பிலிப் டெட்ரோ. அதுவே அவர் பிறப்புப் பெயர், தாய் கிரேக்கப் பெண் என்பாரும் உண்டு. 1902 டிசம்பரில் மரணம்.

பிரமிட்டை 1935இல் கட்டியது அரிசோனா நெடுஞ்சாலைத் திணைக்களம். நல்ல நோக்கம், சந்தேகமில்லை. 30 வருடத்துக்கு மேல் அரசுக்கு விசுவாசமாக உழைத்தவர் என்று பாராட்டியும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாட்டுக்கு வந்த திகதி 1856 பெப்ரவரி 10 என்கிறது கல். கப்பல் அப்போது மத்திய தரைக்கடலைக்கூடத் தாண்டவில்லை! பிறந்த இடம் 'சிரியாவில் எங்கோ'. தினமும் காலையில் இடாப்பு எடுத்துப் பெயர் கூப்பிடும் எங்களுக்கு அந்த 'எங்கோ' உறுத்துகிறது.

அங்கிருந்து வடக்கே ஒன்றரை மணிநேரம் ஓடினால் லேக் ஹவாசு நகரம். அங்கே நிற்பது இலண்டன் பாலம், அசல் பாலமேதான். 1968இல் ஒரு செல்வந்தர் 24 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்து, 1971இல் திறந்து வைத்தார். கழற்றும்போது ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிட்டார்களாம், எந்தக் கல் எங்கே இருந்தது என்று மறக்காமலிருக்க.