விபத்தும் குறியீடும்: மன்னார்க் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவின் மீனவக் கிராமங்களுள் ஒன்று தாழ்வுபாடு. அங்கிருந்து ஸ்கூட்டரில் புறப்படும் ஒருவர் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையைக் கடக்கின்றார் எனக் கொள்வோம். கடவையில் இயந்திரம் நின்றுவிடுகின்றது. இறங்கி அதனைச் சீர்செய்கையில் புகையிரதம் மோதுகின்றது. அவர் ஸ்கூட்டர் ஓட்டியா, பாதசாரியா?

நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம் இதற்குத் தெளிவான விடை தருகின்றது. வண்டியில் அமர்ந்திருந்தால் அவர் ஓட்டுநர். குறியீடு ‘வீ 25’. இறங்கி நின்றமையால் பாதசாரி. குறியீடு ‘வீ 05’. முதல் இலக்கம் பாதிக்கப்பட்டவரையும், இரண்டாவது அவர் மீது மோதியதையும் சுட்டுகின்றன. ஐந்து என்பது புகையிரதம்.

இவ்வகைப்பாட்டின் மூலம் 1893இல் சிக்காகோவில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் நிறுவகம் ஏற்றுக்கொண்ட பெர்ட்டிலோனின் மரணக் காரணப் பட்டியலாகும். 1948இல் ஆறாம் திருத்தம் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வெளிவந்தபோது, காயத்தின் இயல்புக்கும் அதன் புறக்காரணத்துக்கும் தனித்தனிக் குறியீடுகள் அமைந்தன. தலை உடைந்தது என்பது ஒன்று. எதனால் உடைந்தது என்பது மற்றொன்று. வைத்தியருக்கு முன்னது போதும். சமூகத்துக்குப் பின்னதே இன்றியமையாதது.

எனினும், வகைப்பாடு எந்தச் சமூகத்தின் வீதியைக் கண்டு வகுக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. பாதசாரி மீது ஸ்கூட்டர் மோதினாலும் முச்சக்கரவண்டி மோதினாலும் குறியீடு ‘வீ 02’ ஒன்றே. அமெரிக்காவோ தனது பதிப்பில், நின்றவாறு செலுத்தும் மின் ஸ்கூட்டருக்கு 2020இல் தனிக் குறியீடுகளைச் சேர்த்துக்கொண்டது. அங்கே புதிதாய்த் தோன்றிய ஊர்தி தனிப்பெயர் பெற்றது. நமது தெருக்களை நிறைத்த முச்சக்கரவண்டியோ, பாதசாரி மீது மோதும் ஊர்தி என்ற வகையில் அதனைப் பெறவில்லை.

மன்னாரின் அனுபவம் இதனை மேலும் விளக்கும். 1914இல் தொடங்கிய தலைமன்னார்ப் பாதை இந்தியப் பயணத்தின் வாயிலாக விளங்கியது. 1964இன் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் போரினால் புகையிரதச் சேவையும் நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார்வரை அது மீண்டபோது, புகையிரதத்தை அறியாது வளர்ந்த ஒரு தலைமுறை தண்டவாளத்தருகே வாழ்ந்துகொண்டிருந்தது. 2021 மார்ச்சில் தலைமன்னாரில் பஸ் ஒன்று புகையிரதத்துடன் மோதியதில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். பஸ்ஸில் இருந்தோருக்குரிய குறியீடு ‘வீ 75’.

ஒரே கடவையில், ஒரே புகையிரதத்தால் நேரும் விபத்துக்கள் இவ்வாறு ‘வீ 05’, ‘வீ 25’, ‘வீ 75’ என மூன்று நிரல்களில் பிரிகின்றன. இரண்டாம் இலக்கத்தைக் கொண்டு அவற்றை ஒன்றுசேர்த்தாலன்றிக் கடவையின் ஆபத்து புலப்படாது. அனுமதிக் குறிப்பில் ‘தலைக்காயம்’ என்று மட்டும் எழுதப்பட்டிருப்பின் அதுவும் இயலாது. புறக்காரணம் ‘எக்ஸ் 59’ என்னும் குறிப்பிடப்படாத வகுப்பில் மறைந்துவிடும்.

குறியீட்டாளர் தாம் காணாத விபத்தை எழுத்தின் வழியே அறிபவர். எங்கே, எதனால், நின்றவரா அமர்ந்தவரா என்னும் மூன்று விவரங்களை எழுதுவதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதப்படாதவிடத்து இறந்தவர் எண்ணிக்கையிற் சேர்வார். அவரைக் கொன்ற கடவை சேராது. எண்ணப்படாத கடவைக்குக் கதவமைக்குமாறு கோருவோரின் கையில் சான்று இராது.