மண்ணெண்ணெய் குடித்த ஒஸ்ரின்கள்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இலங்கை முழுவதும் எரிபொருள் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டு கிடந்த வேளை, இளம் செய்தியாளர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயிலதானே கார் ஓடினவை? இப்ப ஏன் அப்பிடி ஓடேலாது?"

கேள்வியில் கேலி இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்மவர் காட்டிய கெட்டித்தனத்தின் கதையாகவே அது அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நாமும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கார்களின் வரலாற்றில் பாதி வீதியில் இருக்கிறது என்றால், மறுபாதி எஞ்சின்களுக்குள் படிந்த கரியில் இருக்கிறது. அந்த மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை.

அந்தக் கார்கள் எவை என்பதிலிருந்து தொடங்கலாம். 1947இல் பிரித்தானியாவில் உற்பத்தி தொடங்கிய ஒஸ்ரின் ஏ40 டெவன், 1952இல் அதனைத் தொடர்ந்து வந்த சோமசெற், பின்னர் வந்த கேம்பிறிட்ஜ், 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனர் ஆகியவையே குடாநாட்டு வீதிகளின் அரசர்கள். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஆகவே 1990 யூன் மாதம் போர் மீண்டும் வெடித்தபோது, எங்கள் மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின்களின் ஒவ்வொரு ஆணியும் பரிச்சயமாயிருந்தது.

போரோடு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து முதலியன தடைப்பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் மட்டுப்பாடாகவே வந்தது. அந்த மண்ணெண்ணெய்க்குத்தான் எத்தனை போட்டி! ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் திரியிட்ட சிக்கன விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததும் அதில்தான். தோட்டத்துக்கு நீர் இறைத்ததும் அதில்தான். கார் ஓடியதும் அதில்தான்.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை எரிப்பது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 1940களிலும் 50களிலும் இங்கிலாந்தின் உழவு இயந்திரங்கள் பல அதற்கு நெருங்கிய ஓர் எண்ணெயிலேயே ஓடின. ஆனால் அவை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. எரிபொருள் உள்ளே போகுமுன் அதனைச் சூடாக்கி ஆவியாக்கும் அமைப்பு அவற்றில் இருந்தது. அமுக்க விகிதமும் குறைக்கப்பட்டிருந்தது. ஒஸ்ரினுக்கு இவை எதுவும் இல்லை. அதனிடம் இருந்த ஒரே அனுகூலம், அதன் அமுக்க விகிதம் இக்காலக் கார்களிலும் பார்க்க மிகக் குறைவாக, ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில் இருந்ததுதான்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொன்போல் காத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்குவார்கள். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கார் ஓடும், பின்னால் வெண்புகை நீளும். ஆவியாகாத மீதி எங்கே போகும்? ஒரு பகுதி சிலிண்டரின் சுவர் வழியே வழிந்து, அடியிலுள்ள எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த ஒயில் உராய்வைத் தடுக்காது. பிஸ்ரன் றிங்குகள் தேயும். தேய்ந்த இடைவெளியால் ஒயில் மேலேறி எரியும். அரைகுறையாக எரிந்த ஒயிலும் மண்ணெண்ணெயும் பிஸ்ரனின் தலையிலும் வால்வுகளிலும் கரியாக இறுகும்.

கரி படிந்தால் எரிஅறையின் கொள்ளளவு குறைந்து, அமுக்கம் கூடும். மண்ணெண்ணெயோ அமுக்கத்தைத் தாங்காத எரிபொருள். உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் எழும். செந்தணலாய்க் கனலும் கரித்துண்டு, பிளக் பொறி தருமுன்னரே எரிபொருளைப் பற்றவைக்கும். திறப்பைத் திருப்பி நிறுத்திய பிறகும் எஞ்சின் சிறிது நேரம் குலுங்கி ஓடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். வால்வு சரியாக மூடாதுவிட்டால் அடுத்த நாள் கார் இயங்காது. இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச்செல்ல ஊரில் இருப்பது அந்த ஒரு கார்தான் என்றால், அது வெறும் இயந்திரக் கோளாறு அல்ல.

கொக்குவிலில், ஒழுங்கையொன்றின் முடிவில், மாமரத்தடியில் வேலை செய்த முதிய மெக்கானிக் ஒருவரை அக்காலத்தில் அடிக்கடி கண்டிருக்கிறேன். பெற்றோல் காலத்தில் எப்போதாவது செய்த கரி எடுக்கும் வேலையை, மண்ணெண்ணெய் காலத்தில் சில மாதங்களுக்கொருமுறை செய்யவேண்டியிருந்தது. றேடியேற்றர் நீரை வடித்து, வால்வுகளை இயக்கும் தண்டைக் கழற்றி, ஹெட்டின் சுரைகளை ஒழுங்கு தவறாமல் சிறிது சிறிதாகத் தளர்த்துவார். ஹெட் எழும்பியதும் நான்கு பிஸ்ரன்களும் அடுப்படிச் சட்டிபோல் கறுத்திருக்கும். வேலை செய்யாத சிலிண்டர்களைத் துணியால் அடைத்து, பழைய மண்ணெண்ணெயில் கரியை ஊறவைத்துச் சுரண்டுவார். பிஸ்ரன் அலுமினியம் ஆகையால் உருக்குத் தகடு தொடக்கூடாது; கருங்காலிச் சீவலே அவருடைய ஆயுதம். வால்வுகளை அரைபசை பூசிக் கையால் உருட்டி உருட்டி அவற்றின் இருக்கைகளில் பொருத்துவார். செப்புக் கஸ்கற்றுக்கு மாற்று இல்லாததால், கழற்றியதையே பத்திரமாகத் துடைத்துத் திரும்பப் போடுவார்.

ஒன்றைக் கவனித்தேன். பிஸ்ரனின் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கரி வளையத்தை மட்டும் அவர் தொடாமல் விட்டார். ஏன் என்று கேட்டேன்.

"தம்பி, இது தேஞ்ச எஞ்சின். அந்தக் கரிதான் இப்ப ஒயில் மேல வராமல் பிடிச்சு வைச்சிருக்கு. அதையும் எடுத்தால் புகைதான் மிஞ்சும்."

பழைய பிரித்தானியக் கைந்நூல்களும் தேய்ந்த எஞ்சின்களுக்கு இதையே சொல்கின்றன என்பதைப் பல ஆண்டுகளின் பின்னர்தான் அறிந்தேன். எஞ்சினை அழுக்காக்கியதும் மண்ணெண்ணெய். அழுக்கைக் கரைத்ததும் மண்ணெண்ணெய். கெடுக்கும் கரியில் ஒரு பகுதியே எஞ்சினைக் காத்தும் நின்றது. அந்த நிலைமையில் எங்கள் வாழ்வும் அப்படித்தான் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது இந்தக் கார்களும் வீதிக்கு வந்தன. நடக்கமுடியாத முதியோரும் நோயாளரும் அவற்றுக்குள் இருந்தனர். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது ஆமைவேகம். எஞ்சின் சூடு குறையும். பிளக்குகள் ஈரக்கரி பூசி அணைந்துபோகும். நாவற்குழிப் பக்கம், மழைக்குள் ஒரு சோமசெற் நின்றுபோக, சாரதி பிளக்குகளைக் கழற்றிச் சீலையால் துடைத்து, குடைக்குக் கீழே நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். பின்னிருக்கையில் ஒரு மூதாட்டி கண்மூடிக் கிடந்தார். கார் மீண்டும் இயங்கியதா என்பதைக் காண நான் நிற்கவில்லை. சனத்திரள் என்னைத் தள்ளிச் சென்றுவிட்டது. இன்றுவரை அது மனதில் உறுத்துகிறது.

போர்நிறுத்தத்தின் பின் 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. பெற்றோல் வந்தது, யப்பானிய வாகனங்களும் வந்தன. ஒஸ்ரின்களில் பல பழைய இரும்பாயின. மாமரத்தடி மெக்கானிக் இன்று இல்லை. ஆண்டுக்கணக்காகக் கரித்தூளைச் சுவாசித்த அவருடைய நெஞ்சுக்குள் எவ்வளவு படிந்திருந்தது என்று எவரும் கழற்றிப் பார்க்கவில்லை.

இளம் செய்தியாளருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: இக்காலக் கார்களின் அமுக்கம் கூடுதல், எரிபொருளைப் பீச்சும் நுண்ணிய கருவிகளும் புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பும் அவற்றில் உண்டு, மண்ணெண்ணெய் அவற்றைக் கெடுத்துவிடும். ஆனால் ஒஸ்ரினையும் அது கெடுக்கத்தான் செய்தது. கெட்டதை ஒருவர் மாமரத்தடியில் குந்தியிருந்து சுரண்டிக்கொண்டேயிருந்தார். அதனால்தான் அது ஓடியது.