சட்டவிரோதக் குப்பை கொட்டல்: புகாரும் நடவடிக்கையும்

வீடு, கடை, மருத்துவமனை, கட்டட வேலை ஆகியவற்றில் சேரும் கழிவை உரிய இடத்தில் ஒப்படைக்காமல் சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் புறம்போக்கிலும் தள்ளிவிட்டுப் போவது சட்டவிரோதக் குப்பை கொட்டல் எனப்படும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலோ பொது இடத்திலோ நீர்நிலையிலோ குப்பையை எறியவும் எரிக்கவும் புதைக்கவும் தடை விதித்தன. ஆயினும் நடைமுறையில் இது குற்றமாக அன்றி, துப்புரவுக் குறைபாடாகவே கையாளப்படுகிறது. புகார் வந்ததும் வண்டி வந்து அள்ளிச் செல்கிறது. புகார் முடிந்ததாகப் பதிவாகிறது. கொட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அள்ளும் செலவை ஊர் மக்கள் வரியாகக் கட்டுகிறார்கள். முறையாக அகற்ற ஆகும் பணம் கொட்டியவருக்கு மிச்சமாகிறது. சுத்தம் செய்த இடத்திலேயே மறுபடி குப்பை சேர்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கொட்டியவரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்ற எண்ணத்தை 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடந்தவை பொய்யாக்கின. நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர்ப் பகுதிகளில் கேரளத்திலிருந்து கொண்டுவந்த மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. குவியலில் கிடந்த நோயாளிகளின் ஆவணங்களே அது திருவனந்தபுரத்து மருத்துவமனைகளிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மூன்று நாளில் கழிவை அகற்றும்படி கேரளத்துக்கு உத்தரவிட்டது. அங்கிருந்து லாரிகள் வந்து திரும்ப எடுத்துச் சென்றன. கழிவைக் கொண்டுவந்து கொட்டியது தொடர்பாகச் சிலர் கைதானார்கள். ஊர்க்காரர்கள் குரல் எழுப்புமுன் அந்தக் குவியலை யாரேனும் அள்ளியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது. 2025இல் தமிழக அரசு, மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுவோர்மீதும் குண்டர் தடுப்புச் சட்டம் பாய வகைசெய்தது. ஆளைக் கண்டறிந்த பிறகுதான் எந்தச் சட்டமும் வேலை செய்யும்.

ஆகவே புகார் என்பது சான்றுகளின் முதல் பதிவு. இடம், நேரம், வண்டி எண், குவியலின் அளவு, மேலே தெரியும் பில், முகவரிச் சீட்டு, மருந்துப் பெட்டி ஆகியவற்றின் படம் அதில் இருக்க வேண்டும். கையால் கிளறவே கூடாது; ஊசி குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றக்கூடும். சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணில் புகார் செய்யலாம். பிற ஊர்களில் நகராட்சியிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வேண்டும்; மருத்துவ, ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும்.

சான்று தேடிக்கொண்டிருந்தால் குப்பை அழுகி நோய் பரவாதா என்று கேட்பார்கள். அள்ள வரும் பணியாளரே படமெடுத்து, முகவரி உள்ள தாள்களைத் தனியே எடுத்துவைக்கலாம். அதற்குக் கையுறையும் சிறு பயிற்சியும் வேண்டும், அவ்வளவே. கொட்டியவரைத் தேடுவது ஏழைகளைத் தண்டிப்பதில் போய் முடியும் என்ற அச்சம் நியாயமானது. குப்பை வண்டியே வராத தெருவில், வீட்டுக் குப்பையை மூலையில் போட்டவருக்கு அபராதம் விதிப்பது அநீதி. அங்கே முதலில் வண்டி வரவேண்டும். லாபத்துக்காக லாரி லாரியாக இடிபாடு கொட்டுகிறவரின் நிலை வேறு. புகார் செய்தவரைத் தேடி மிரட்டல் வரும் என்ற பயத்துக்கும் காரணம் உண்டு. அவருடைய பெயரும் எண்ணும் வெளியே போகாமல் காப்பது அலுவலகத்தின் கடமை.

புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அள்ளியாயிற்று என்று பதில் வந்தால், கொட்டியவர் யார், அவர்மீது என்ன நடவடிக்கை என்று எழுத்தில் கேளுங்கள்.