அடைக்கோழியும் வீட்டுத்தோட்டமும்



வரலாறு எழுதுவோர் கோட்டைகளையும் போர்களையும் முதற்கண் எடுத்துரைப்பர். மட்டக்களப்புக்கும் அத்தகைய வரலாறு உண்டு. புளியந்தீவிலே போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றினர் என்பது பலரும் அறிந்ததே. ஆயின், அக்கோட்டையினும் பழையதொரு வரலாறு நம் வீட்டு வளவிலே, கத்தரிப் பாத்தியிலும் தாழ்வாரத்து அடைக்கோழியின் சிறகின் கீழும் கிடக்கின்றது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடப்பது படுவான்கரை. அது வயல் நிலம். கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீண்டு கிடப்பது எழுவான்கரை, அது மணற்பாங்கானது. மணல் நீரையும் உரத்தையும் நிறுத்தி வைப்பதன்று. ஆதலின் அங்கே மரக்கறி செய்வோர்க்கு எரு இன்றியமையாதது. கோழியெச்சம் புதிதாக இட்டால் வேரைக் கருக்கிவிடும். குப்பையோடு மட்கியபின் பயிருக்கு நல்லுணவாகும். அதே கோழி நாற்றுமேடையைக் கிளறி அழிப்பதும் உண்டு. எனவே வேலியும் வேண்டும்.

இக்கோழி மனிதனோடு சேர்ந்தது எவ்வாறு? தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை என்பது அறிஞர் முடிபு. விளைந்த நெல்லையும் தினையையும் நாடி வந்தே அப்பறவை மனிதனை அண்டியிருத்தல் கூடும் என 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் கூறுகின்றன. நமது தீவுக்கே உரிய காட்டுக்கோழி வேறோர் இனம். அது இந்நாட்டின் தேசியப் பறவை. ஆகவே நம் முற்றத்துக் கோழி மக்களோடு இங்கு வந்து குடியேறியது எனல் பொருந்தும்.

பாத்தியிலும் குடியேறியவை பல. கத்தரி ஆசியாவுக்கு உரியது. மிளகாய், தக்காளி, மரவள்ளி ஆகியன அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. கொலம்பசு 1492இல் அங்குச் சென்றதன் பின்னரே கீழைநாடுகளை அடைந்தன. கோட்டை கட்டியோர் போய்விட்டனர். மிளகாயோ நம் அம்மியை விட்டு அகலவில்லை.

இனி, அடைகாத்தலைப் பார்ப்போம். முட்டை பொரிக்க 21 நாள் வேண்டும், ஏறக்குறைய 37.5 பாகை செல்சியஸ் வெப்பமும் வேண்டும். தாய்க்கோழி இவ்வெப்பத்தைத் தன் உடலாற் கொடுத்து, முட்டைகளை அடிக்கடி புரட்டியும் விடுகின்றது. வீட்டார் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடை வைத்து, ஏழாம் நாளளவில் விளக்கொளியிற் பிடித்துப் பார்த்துக் கருப்பிடியாதவற்றை நீக்குவர். எகிப்தியர் பண்டைக்காலத்திலேயே சூளைகளில் முட்டை பொரித்தனர். பிரான்சு நாட்டறிஞர் ரெயோமூர் 1749இல் செயற்கைப் பொரிப்பைப் பற்றி நூலே எழுதினார். இன்று பொறிகள் அவ்வேலையைச் செய்கின்றன. முட்டைக்கென வளர்க்கப்படும் புதிய இனங்களில் அடைகிடக்கும் இயல்பே பெரிதும் குறைக்கப்பட்டுவிட்டது. அவ்வியல்பை இன்னும் காத்து நிற்பது நாட்டுக்கோழியே.

இதனால் நமக்கு ஆவது என்ன? பர்மா யப்பானியர் வசமான 1942இல் இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி தடைப்பட்டது. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 2004 திசம்பர் 26ஆம் நாட் கடற்கோள் எழுவான்கரைக் கிணறுகளில் உவர்நீரைப் புகுத்திச் சென்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. மறு ஆண்டில் உணவு நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது.

வளவு இல்லாத குடும்பத்துக்கு அவ்விடுமுறையாற் பயன் விளையாது. வளவு உள்ளோர்க்கும் நெருக்கடி வந்த அன்றே காய் கிடைப்பதில்லை. கத்தரி காய்க்கச் சில மாதம் செல்லும். குஞ்சு பொரிக்க 21 நாள். அக்குஞ்சு பேடாக வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய ஆறு மாதம். ஆதலால் முற்றிய காயில் விதை எடுத்து வைப்பதும், நல்ல அடைக்கோழியொன்றை விற்காது பேணுவதும் நிறைவான காலத்திலேயே செய்யத்தக்கவை. வயல் தரும் நெல்லுக்கு இவை ஈடாகா. எனினும் நெல் வரத் தாழும் நாளிலே பிள்ளைகளின் கலத்தில் ஒரு கறியும் ஒரு முட்டையும் இருக்கச் செய்யும்.